பர்கூர் மலை மாட்டின் மரபணு: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதவரம், கொடுங்கையூர், எருக்கஞ்சேரி, மணலி பக்கம் வீட்டு வாசலில் மாடு கட்டியிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் திரண்ட பிறகு, மாடே வைத்திராத பிள்ளைகளும் நாட்டு மாட்டைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். அதிலும் பர்கூர் மலை மாடு என்றால் தனி ஆர்வம். நான் கால்நடை மரபியல் படித்தவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

பர்கூர் மாடுன்றது எந்த ஊர் மாடு சார்? கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிற பர்கூரா?

இல்லை. ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே, கர்நாடக எல்லையை ஒட்டிய பர்கூர் மலை. அங்கே காட்டுக்குள் பட்டி போட்டு, மந்தையாக மேய்த்து வளர்க்கும் மாடு இது. செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். அந்தத் திட்டுகள் ஒரு மாட்டில் இருப்பதுபோல இன்னொன்றில் இருக்காது. உடம்பு கட்டுக்கோப்பாக, கால்கள் உறுதியாக இருக்கும். நல்ல ஓட்டம் ஓடும். முன்பின் தெரியாதவரைக் கிட்டே சேர்க்காது. பால் நாளுக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான். மலைக்காரர்களுக்குப் பாலைவிட எருவும் உழவுக் காளைகளும்தான் வருமானம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்த் திருவிழாவில் கூடும் மாட்டுச் சந்தையில் இந்த மாடுகளைப் பார்க்கலாம்.

நாட்டு மாடு எல்லாம் ஒண்ணுதானே? திமில் இருந்தா நாட்டு மாடு. அதுக்குள்ள பர்கூர்னு தனியா இன்னா இருக்குது?

முதலில் திமில் உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம், அதுதான் பெரியது. நம் திமில் மாடும் ஐரோப்பாவின் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் மாடுகளும் வெவ்வேறு காட்டு மூதாதைகளிலிருந்து, வெவ்வேறு இடங்களில் வீட்டு விலங்காக்கப்பட்டவை. திமில் இல்லாத மாடு மேற்காசியாவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு பழக்கப்பட்டது. திமில் மாடு சிந்துவெளிப் பக்கம் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு பழக்கப்பட்டது. அந்தக் காட்டு மூதாதைகளோ அதற்கும் லட்சக்கணக்கான ஆண்டுகள் முன்பே பிரிந்துவிட்டவை.

இரண்டுக்கும் குரோமோசோம் 60, அதாவது 30 சோடி. கலந்தால் கன்று பிறக்கும், அந்தக் கன்றும் பிறகு சினை பிடிக்கும். ஆனால் காளைக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமின் வடிவமே இரண்டிலும் வேறு. நுண்நோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். ஜெர்சி விந்தைச் சினை ஊசியாகப் போட்ட நாட்டுப் பசு காளைக்கன்று ஈன்றால், அந்தக் கன்றின் ஒய் குரோமோசோம் ஜெர்சியுடையது. தாய்வழியே மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. நாட்டு மாட்டினுடையது. ஒரே உடம்புக்குள் இரண்டு கண்டத்தின் வரலாறு இருக்கும்.

பர்கூர், காங்கேயம், ஆலம்பாடி, அல்லிக்கர் ஆகிய நாட்டு மாட்டு இனங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு இதைவிட நுட்பமானது. பர்கூர் மாட்டுக்கு மட்டுமே உள்ள மரபணு என்று ஒன்றைப் பிரித்துக் காட்ட முடியாது. எல்லா இனங்களிலும் ஏறக்குறைய அதே மரபணுக்கள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு மரபணுவிலும் எந்த வடிவம் எத்தனை மாடுகளில் இருக்கிறது என்ற விகிதம்தான் இனத்துக்கு இனம் மாறுகிறது. நூறு மாடுகளைச் சேர்த்துப் பார்த்தால் பர்கூரின் முகம் தெரியும். ஒற்றை மாட்டில் அது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

மலை மேல தனியா கெடக்கிறதால மரபணு மாறிடுமா?

மாறும், இரண்டு வழியில்.

ஒன்று, மலையே பொறுக்கி எடுப்பது. செங்குத்தான சரிவில் ஏற முடியாத கன்று, கோடையில் காய்ந்த புல்லைத் தின்று தாக்குப்பிடிக்காத பசு, உண்ணிக் காய்ச்சல் தாங்காத மாடு எல்லாம் குறைவாகக் கன்று விடும், அல்லது விடாமலே போகும். தாங்கியவற்றின் மரபணு பெருகும். திமில் மாடுகளுக்குப் பொதுவாகவே வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, தோலின் மேற்பரப்புக்கு நெருக்கமானவை. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தியும் குறைவு. அந்தப் பொதுவான கொடையின் மேல் மலை தன் பங்குக்குப் பொறுக்குகிறது.

இரண்டாவது, தற்செயல். சிறிய மந்தையில் ஒரு மரபணு வடிவம் இரண்டே மாடுகளிடம் இருக்கிறது என்று வையுங்கள். அந்த இரண்டும் சிறுத்தைக்கு இரையானால் அந்த வடிவம் மந்தையை விட்டே போய்விடும். அது நல்லதா கெட்டதா என்பதெல்லாம் கணக்கில் வராது. மந்தை சிறுக்கச் சிறுக்க இந்த இழப்பு வேகமெடுக்கும். இழந்த வடிவம் வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு.

பர்கூர் மலை தீவு அல்ல. பக்கத்து ஆலம்பாடி, அல்லிக்கர் காளைகளின் ரத்தம் காலங்காலமாகக் கொஞ்சம் கொஞ்சம் வந்து கலந்திருக்க வழி உண்டு. அதனால் முழுக்க அடைபட்ட இனம் என்று இதைச் சொல்ல மாட்டேன். பாதி அடைபட்டது என்றால் பொருந்தும்.

முழுசா அடைபட்டுக் கெடந்த மாடு உலகத்துல எங்கனாச்சும் இருக்குதா?

இருக்கிறது. இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லாந்தில் சில்லிங்காம் என்ற இடத்தில் சுவர் அடைத்த பூங்காவில் ஒரு வெள்ளை மாட்டு மந்தை. காது மட்டும் சிவப்பு. 300 ஆண்டுகளுக்கு மேலாக வெளிமாடு எதுவும் உள்ளே வந்ததில்லை. யாரும் காளை தேர்ந்தெடுப்பதில்லை, காயடிப்பதில்லை, பால் கறப்பதில்லை. 1946-47 குளிர்காலத்தில் கடும் பனி விழுந்து மந்தை 13 மாடுகளாகச் சுருங்கியது. 8 பசு, 5 காளை. அங்கிருந்து மறுபடி பெருகி இன்று நூறைத் தாண்டி நிற்கிறது.

2001-ல் வெளியான ஆய்வில் அவற்றின் டி.என்.ஏ.வில் 25 இடங்களைப் பார்த்தார்கள். சாதாரண மாட்டு மந்தையில் இப்படிப்பட்ட இடங்களில் தாய் தந்த வடிவம் ஒன்று, தந்தை தந்த வடிவம் ஒன்று என்று பல மாடுகளில் வேறுபாடு தென்படும். இந்த மந்தையில் 25-ல் 24 இடங்களில் எல்லா மாடுகளுக்கும் ஒரே வடிவம். ஏறக்குறைய ஒருவரையொருவர் நகலெடுத்த மாதிரி.

இன்னொன்று இந்தியப் பெருங்கடலின் தெற்கே, பிரான்சுக்குச் சொந்தமான ஆம்ஸ்டர்டாம் தீவு. 1871-ல் அங்கே குடியேறப் போனவர்கள் சில மாதங்களில் திரும்பிவிட்டார்கள். விட்டுவந்த 5 மாடுகள் தாமாகப் பெருகி ஒரு கட்டத்தில் 2,000 வரை போயின. தீவின் செடிகொடிகளையும் பறவைகளையும் காப்பாற்றுவதற்காக 2010-க்குள் எல்லாவற்றையும் அகற்றிவிட்டார்கள். முன்பே எடுத்து வைத்த மாதிரிகளைச் சோதித்ததில், பெரும்பகுதி ஜெர்சியை ஒத்த ஐரோப்பிய மரபும் மீதி இந்தியப் பெருங்கடல் தீவுகளின் திமில் மாட்டு மரபும் என்று தெரியவந்தது. இவ்வளவு அரிய மந்தையை ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டார்கள் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அஞ்சு மாட்டுல இருந்து ரெண்டாயிரம் ஆச்சுன்றீங்க. அப்போ சொந்தத்துக்குள்ளயே சேர்த்தா தப்பில்லைதானே?

தப்பு. பிழைத்த மந்தையை மட்டும் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வராதீர்கள். இங்கிலாந்திலேயே இப்படிப் பூங்காவில் அடைபட்ட வேறு வெள்ளை மந்தைகள் பல அழிந்துபோயின. சில்லிங்காம் தப்பியது, அது நமக்குத் தெரிகிறது.

உறவுக்குள் சேரும்போது, மறைந்து கிடக்கும் கெட்ட மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே கன்றுக்கு வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. தந்தைக் காளையோடு மகளைச் சேர்த்தால் பிறக்கும் கன்றின் மரபணுவில் கால் பங்கு இப்படி இரண்டு பக்கமும் ஒரே மூலமாகிவிடும். ஒரே காளைக்கு வெவ்வேறு பசுவில் பிறந்தவற்றைச் சேர்த்தால் எட்டில் ஒரு பங்கு. சினை நிற்காமல் போவது, கன்று எடை குறைந்து பிறப்பது, பிறந்த வாரத்திலேயே கன்று சாவது, வளர்ச்சி குன்றுவது என்று விளைவுகள் தலைகாட்டும். சில்லிங்காமில் மனிதர் தலையீடு இல்லாமல், அப்படிப்பட்டவை எல்லாம் தலைமுறை தலைமுறையாகச் செத்து ஒழிந்த பிறகு மிஞ்சியவை இன்றுள்ளவை. அந்த விலையைக் கொடுக்க நம் மாட்டுக்காரர் யாரால் முடியும்?

ஒரு மந்தைக்கு எத்தனை காளை வேணும்? எங்க தாத்தா ஊருக்கே ஒரு பொலிகாளைதான் இருந்துச்சுன்னு சொல்வாரு.

பொறுமையாகப் படிக்க வேண்டிய பதில் இது. இனத்தைக் காப்பாற்றுவதில் ஆக முக்கியமான கணக்கு இங்கேதான் இருக்கிறது.

மந்தையில் எத்தனை தலை என்பது வேறு, மரபணு கணக்கில் எத்தனை தலை என்பது வேறு. காளை எண்ணிக்கையைப் பசு எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, காளையும் பசுவும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் மரபணு கணக்கின் தலை எண்ணிக்கை கிடைக்கும்.

100 பசுவுக்கு 1 காளை என்று வையுங்கள். கண்ணுக்கு 101 மாடு. கணக்கில் 4 மாடுகூட வராது. அதே 100 பசுவுக்கு 4 காளை என்றால் 15. 10 காளை என்றால் 36. 25 காளை என்றால் 80. பசுவைக் கூட்டாமல் காளையை மட்டும் கூட்டியதில் எவ்வளவு ஏறியது பாருங்கள்.

ஒவ்வொரு தலைமுறைக்கும் உறவுக்குள் சேரும் அளவு எவ்வளவு கூடும் என்பதும் இதிலிருந்தே வரும். ஒரே காளை என்றால் தலைமுறைக்கு 12 சதவீதத்துக்கும் மேல். 10 காளை என்றால் ஒன்றரை சதவீதத்துக்குள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு சொல்லும் வரம்பு தலைமுறைக்கு 1 சதவீதம், அதாவது கணக்கில் குறைந்தது 50 மாடு நிற்க வேண்டும்.

உங்கள் தாத்தா ஊரில் ஒரு பொலிகாளை இருந்தது உண்மைதான். ஆனால் பக்கத்து ஊரில் வேறு காளை, அதற்கடுத்த ஊரில் வேறு காளை இருந்தது. பசுக்கள் சந்தையில் ஊர் மாறின, சீதனமாகப் போயின. ஊருக்கு ஒன்றாக இருந்தாலும் வட்டாரத்துக்கு நூறு காளை இருந்தது. பர்கூர் மலையிலும் பட்டிக்குப் பட்டி தனிக் காளைகள் இருந்ததுதான் இந்த இனத்தின் உண்மையான காப்பு. ஒரு பட்டி கலைந்தால் போவது அதன் பசுக்கள் மட்டுமல்ல, அந்தப் பட்டிக் காளையின் வழியும்தான். பசுவைக் காப்பாற்ற எல்லோரும் வருகிறார்கள். காளைக்கன்றுக்குத் தீவனம் போட ஆள் கிடைப்பதில்லை.

இப்பதான் சினை ஊசி இருக்கே? காளையே எதுக்கு?

சினை ஊசி நல்ல கருவி. செங்குன்றம் பக்கத்து அலமாதியில் பெரிய உறைவிந்து நிலையம் நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்த விந்து பல பத்தாண்டுகள் கெடாது. இன்று ஒரு பர்கூர் காளை செத்தாலும் அதன் மரபணு குப்பியில் இருக்கும். இனப் பாதுகாப்புக்கு இது பெரிய பலம்.

ஆனால் ஒரு காளையிடமிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் ஊசி எடுக்கலாம் என்பதே இதன் ஆபத்து. நான்கைந்து காளைகளின் விந்தை மட்டும் ஊரெல்லாம் போட்டால், மேலே சொன்ன கணக்கு உடனே சரிந்துவிடும்.

நம் தெருவிலேயே நடப்பதைச் சொல்கிறேன். ஊசி போட வருபவர் குப்பியிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழலை எடுத்து, உடம்புச் சூட்டுக்கு விளாவிய நீரில் அரை நிமிடம் வைப்பார். துடைத்து, முனையை வெட்டி, துப்பாக்கி போன்ற கருவியில் செருகுவார். அந்தக் குழலின் மேல் பொடி எழுத்தில் காளையின் எண்ணும் இனமும் அச்சடித்திருக்கும். வேலை முடிந்ததும் குழல் குப்பைக்குப் போய்விடும். மூன்று வருடம் கழித்து, அந்த ஊசியில் பிறந்த கிடாரி பருவத்துக்கு வரும்போது, அதே காளையின் ஊசி அதற்கும் விழலாம். அப்பன் யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. "அண்ணே, நம்பரைப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டு, தினசரி நாள்காட்டித் தாளிலோ பால் கணக்கு நோட்டிலோ எழுதி வையுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

டி.என்.ஏ. பரிசோதனை பண்ணா பர்கூரா இல்லையான்னு தெரிஞ்சிடுமா?

ஓரளவு. கழுத்து நரம்பிலிருந்து ஊதா மூடி போட்ட குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க அதில் மருந்து இருக்கும். இல்லையென்றால் வால் முடி போதும். கத்தரித்த முடி உதவாது. விரலில் சுற்றி வெடுக்கென்று பிடுங்க வேண்டும், அடியில் வெண்மையாகக் குமிழ் மாதிரி வேர் ஒட்டிவர வேண்டும். டி.என்.ஏ. அந்த வேரில் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் கோத்துக் கெட்டுவிடும். காகித உறையில் போடுங்கள்.

ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ரத்தம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று டி.என்.ஏ.வில் பல்லாயிரம் இடங்களைப் பார்க்கும் சில்லு (சிப்) மூலம் நன்றாகவே சொல்லலாம். பெற்றோர் யார் என்பதையும் உறுதியாகச் சொல்லலாம். ஆனால் இது பர்கூரா, பக்கத்து ஆலம்பாடி கலந்ததா என்பது கடினமான கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு இனத்திலிருந்தும் போதுமான மாதிரிகள் கையில் இருந்தால்தான் பதில் கிடைக்கும், அதுவும் நிகழ்தகவாகத்தான். "நூறு சதவீதத் தூய பர்கூர்" என்று சான்றிதழ் காட்டி விலை ஏற்றுபவரை நம்ப வேண்டாம்.

நெறம், சுழி பாத்து சொல்றாங்களே பெரியவங்க?

நிறம் உதவும், ஆனால் முடிவாகாது. சிவப்பு நிறத்துக்கும் வெள்ளைத் திட்டுக்கும் காரணமான மரபணுக்கள் வேறு பல இனங்களிலும் உண்டு. காங்கேயம் கன்றே பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதத்தில் சாம்பலாகும். திட்டு விழுந்த கலப்பினக் கன்றைப் பர்கூர் என்று விற்க எளிது. பெரியவர்கள் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. முகவாக்கு, கொம்பு கிளம்பும் கோணம், அலைதாடி, குளம்பு, நடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அந்தக் கண் மதிப்பானது. சுழி வேறு சங்கதி, அது நம்பிக்கை சார்ந்தது. சுழியை வைத்து இனம் சொல்ல முடியாது.

ஏ2 பால் குடுத்தா சுத்தமான நாட்டு மாடுதானே?

இல்லை. பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தில் 67-ஆவது இடத்தில் உள்ள அமினோ அமிலம் புரோலினாக இருந்தால் ஏ2, ஹிஸ்டிடினாக இருந்தால் ஏ1. நம் திமில் மாடுகளில் மிகப் பெரும்பாலானவை ஏ2. ஆனால் ஜெர்சியிலும் ஹோல்ஸ்டீனிலும்கூட ஏ2 நிறைய உண்டு, எருமையும் ஏ2 வகையே. ஆக ஏ2 என்பது இனச் சான்று அல்ல. ஏ1 பாலால் நோய் வருகிறது என்பதற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் செய்த மறுஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. பர்கூரைப் பாலுக்காகத் தூக்கிப் பிடிப்பதே இனத்துக்கு நல்லதல்ல என்பது என் கருத்து. ஒன்றிரண்டு லிட்டர் கறக்கும் மாட்டைப் பால் வியாபாரத்தில் இறக்கினால், அடுத்து அதிகம் கறக்கும் காளையைத் தேடிக் கலப்பார்கள்.

ஒரு தடவை ஜெர்சி கலந்துட்டா திரும்ப பர்கூர் ஆக்க முடியுமா?

கன்றில் பாதி ஜெர்சி. அதைப் பர்கூர் காளையோடு சேர்த்தால் கால், அடுத்து அரைக்கால், அதற்கடுத்து மாகாணி என்று குறையும். நான்கைந்து தலைமுறையில் பார்வைக்குப் பர்கூராகிவிடும். அதற்கு மாட்டுக் கணக்கில் சுமார் இருபது ஆண்டு ஆகும், ஒவ்வொரு முறையும் புதிய பர்கூர் காளையும் வேண்டும். பாலுக்காகக் கலப்பினம் வைத்திருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வியாசர்பாடியில் நான்கு மாடு கறந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அக்காவுக்குக் கலப்பினம்தான் சோறு போடுகிறது. அவருடைய மாட்டை மாற்ற வேண்டியதில்லை. மலையில் கலக்காமலிருந்தால் போதும்.

நம்ம ஏரியால ஒரு பர்கூர் கன்னு வாங்கி வளர்க்கலாம்னு இருக்கேன். இனத்தைக் காப்பாத்தின மாதிரியும் ஆச்சு இல்ல?

தம்பி, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் வாங்காதீர்கள். மலையில் ஓடித் திரிந்த மாட்டை இரண்டடிக் கயிற்றில் கட்டி, குடவுன் சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவே வைத்தால் அது மிரளும், முட்டும். தெருவில் அவிழ்த்துவிட்டால் போஸ்டரையும் பிளாஸ்டிக்கையும் தின்னும். சேர்க்கப் பர்கூர் காளை இங்கே கிடைக்காது, கடைசியில் கையில் கிடைத்த ஊசியைப் போடுவீர்கள். அந்த ஒரு கிடாரியின் வழி அதோடு முடிந்தது. மலையில் இருந்திருந்தால் ஏழெட்டு கன்று ஈன்றிருக்கும்.

உதவ நினைத்தால், பர்கூர் மலையில் பட்டி வைத்திருப்பவர் ஒருவர் காளைக்கன்றை விற்காமல் வளர்க்க, நாலைந்து நண்பர்கள் சேர்ந்து பராமரிப்புச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

காட்டுல மேய விட மாட்டேன்றாங்களாமே? அதுக்கும் மரபணுவுக்கும் இன்னா சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். காட்டில் கால்நடை மேய்ப்பதற்கு 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. 2024-ல் அந்தியூர், பர்கூர் காடுகளைச் சேர்த்துத் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மேய்ச்சல் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. பட்டிக்காரர்கள் கேட்பதும் அதைத்தான்.

மேய்ச்சல் இல்லையென்றால் பட்டி கலையும். பட்டி கலைந்தால் காளை வழிகள் போகும். அதோடு, காட்டுப்புல்லும் சரிவும் உண்ணியும் பொறுக்கி எடுத்த குணங்கள், தொழுவத்தில் தீவனம் போட்டு வளர்க்கும்போது பொறுக்கப்படுவதில்லை. பத்துத் தலைமுறை கழித்து நிறம் இருக்கும், மலை ஏறும் திராணி இருக்காது. காட்டுக்கும் கேடு வராமல் இத்தனை மாடு, இந்தப் பருவம், இந்தப் பகுதி என்று மேய்ச்சலை வகுத்துக்கொடுப்பதே சரி என்று நான் நினைக்கிறேன்.

அழிஞ்சிட்டா மீட்க முடியுமா? கேரளாவுல மீட்டாங்கன்னு சொல்றாங்க.

வேச்சூர் குட்டை மாட்டைச் சொல்கிறீர்கள். 1989-ல் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி, விரல் விட்டு எண்ணக்கூடிய மாடுகளை வைத்து மீட்டார்கள். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகத்தான வேலை. ஆனால் அவ்வளவு சிலவற்றிலிருந்து தொடங்கும்போது, ஏற்கெனவே தொலைந்த மரபணு வடிவங்கள் தொலைந்தவையே. நாட்டுக் காளைகளைக் காயடிக்கச் சட்டமே துணைபோன காலத்தின் விளைவு அது. பர்கூர் இன்னும் அந்த நிலைக்கு இறங்கவில்லை, இப்போதே செய்தால் செலவும் குறைவு.

சந்தேகம்னா யாரைக் கேக்கறது?

நமக்குத் தூரமே இல்லை. 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் மாதவரம் பால்பண்ணையில்தான் இருக்கிறது. 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மரபியலுக்கெனத் தனித் துறை உண்டு. பர்கூர் மலையில் அதே பல்கலைக்கழகத்தின் மாட்டின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்திய அளவில் இனங்களைப் பதிவு செய்வது ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள அமைப்பு. காங்கேயம், உம்பளச்சேரி, புலிக்குளத்தோடு பர்கூரும் அங்கே பதிவானது. வேப்பேரிக்குப் போகும்போது மாட்டின் காதில் உள்ள மஞ்சள் பட்டையின் 12 இலக்க எண்ணையும், கடைசியாகப் போட்ட ஊசியின் காளை எண்ணையும் எழுதி எடுத்துப் போங்கள். முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.